படகு பதினான்கு, கம்பி இருபது

படகின் நீளம் பதினான்கு மீற்றர்.
நாற்பது மீற்றர் அலைக்குப் பாதி வேண்டும்,
கம்பி இருபது.
மிஞ்சும் ஆறை எங்கே வைப்பதென்று
மூன்று நாள் சண்டை
எனக்கும் றிஸ்வியாவுக்கும்.

அந்திராதோ அண்ணர் சண்டைக்குள் வரவில்லை.
புளியந்தீவுப் பட்டறையிலிருந்து
எண்ணெய் ஊறிய மூங்கிலைத் தோளில் கொண்டுவந்து
நடுக்கூரையில் நிறுத்தினார்.
"உச்சியிலிருந்து ரெண்டு பக்கமும் சரியட்டும்,
மிஞ்சினது வாலாத் தொங்கட்டும்கா."
அவ்வளவுதான்.

தொங்கும் வால்தான் பொல்லாதது.
பத்து வாற்றுத்தானே என்று நீளும் கைக்குத் தெரியாது,
நுனியில் எவ்வளவு வோல்ற்று காத்திருக்கிறதென்று.
வெட்டுப்பலகையை அறுத்து நுனிக்குக் காப்பு வைத்தோம்.
(முகுந்தன் இன்னும் அந்தப் பலகையைத் தேடுகிறான்.)
படகில் நெட்டையனும் அவன்தான்.
"எட்டிப் பார்" என்றோம்.
அகப்பையோடு எட்டினான், எட்டவில்லை.
அதற்கு மேலும் ஒரு முழம் உயர்த்தினாள் றிஸ்வியா,
விருந்தாளிகளில் யாராவது
துவாய் காயப்போட வருவார்களாம்.

மண்முனைப் பாலத்தின் கீழே படுக்க
கம்பத்தின் அடியில் ஒரு கீல்.
காற்றுக்கு விட்டுக்கொடுக்க
கப்பியில் ஓடும் கயிறு, கயிற்றின் முடிவில்
மணல் நிரப்பிய போத்தல்.
படகு ஆட அது ஏறும், இறங்கும்,
கம்பி அறாது.
கரையோரம் மின்சாரசபைக் கம்பிகள்.
மூங்கில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும்
அவற்றைத் தொடாத தூரத்தில் நங்கூரம்.
செம்புத் தகடொன்றை
வாவியின் உப்புக்குள் இறக்கினோம்.

மறுகா ரோந்துப் படகு வந்தது.

இது என்ன கம்பி?

கூரைக் கம்பியை ஒரே இரவில் கழற்றி
அப்பா கிணற்றில் போட்ட ஊர் இது.
என் கை தானாகவே
பிளாஸ்ரிக் உறையைத் தேடியது.
அனுமதிப் பத்திரத்தை இருவரும் வாசித்தார்கள்,
மெதுவாக, முத்திரை வரைக்கும்.
இளையவன் கம்பியை அண்ணாந்து பார்த்தான்.
"குருணாகலுக்குக் கேட்குமா? அம்மா அங்கே."
அம்மாவிடம் போன் இல்லையா என்றாள் றிஸ்வியா.
இருக்கிறதாம். எடுத்தால்
சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பாராம்.

பொழுது சாய்ந்ததும் ஹெட்போனை மாட்டினேன்.
வாவியில் மீன் பாடும் என்பார்கள்.
என் காதில் பாடியது குளிர்சாதனப் பெட்டி.
அதை நிறுத்தினோம்,
விளக்குச் சரம் பாடியது.
அதையும் நிறுத்தினோம்,
சூரியத் தகட்டின் பெட்டி முனகியது.
ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற
படகு இருண்டது,
இருள இருள
தூரம் கேட்கத் தொடங்கியது.

அழைத்தேன். நாலு, எஸ், மிச்ச எழுத்துகள்.
திரும்ப அழைத்தேன்.
இரைச்சலுக்குள் மச்சிலிப்பட்டினத்து மனிதர் ஒருவர்
என் எழுத்துகளை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார்.
ஐந்துக்கு ஐந்தாம்.
எங்கே நிற்கிறீர்கள்?
தண்ணீரில்.
அவர் சிரித்ததில் பாதிதான் வந்து சேர்ந்தது.
என்ன கம்பி?
சொன்னேன்: சரிந்தது, வால் தொங்குவது, கீழே உப்பு.
உங்கள் பக்கம் வானிலை எப்படி?

உன்னிச்சைப் பக்கம் மின்னியது.

எண்ணத் தொடங்கினேன், ஒன்று, இரண்டு.
எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று
நானே எழுதி ஒட்டியிருந்தேன்.
நான் வாய் திறக்குமுன் றிஸ்வியாவின் கை
கேபிளைக் கழற்றி
தகட்டின் கம்பியில் கவ்விவிட்டது.
விடைகூடச் சொல்லவில்லை.

கம்பத்தைவிட்டுத் தள்ளிக் குந்தினோம்.
அங்கே அவர்
என் எழுத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.
மழை வந்தது. கூரைமேல் போத்தல்
ஏறியது, இறங்கியது.
பதிவேட்டில் நேரம் எழுதினேன், ஏழு நாற்பத்திரண்டு.
வானிலைக் கட்டத்தில் பேனை நின்றது.

இருட்டுக்குள்ளிருந்து முகுந்தன் கேட்டான்:
"உள்ளே நாலு கிலோ மீன் கிடக்கு.
பெட்டியைப் போடட்டா?"