கழித்தல்

ஞாயிறு காலை, பீல் நகரம், நான்காம் மாடி.
சீமாட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுவேன்:
தொண்ணூற்று மூன்று, நானூறு.
அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏறுவேன்.
கழித்தால் வருவது பூனை.

வாரத்துக்கு அறுபது கிராமுக்கு மேல் குறையக் கூடாது,
ஈரல் தாங்காது என்றிருக்கிறார் டொக்டர் ஏபிஷர்.
அறுபது கிராம் என்றால்
எங்கள் கடை வடை ஒன்று.

காலை ஏழு, மாலை ஏழு:
முதலில் மாச்சத்தில்லாத டின் இறைச்சி,
அவள் தட்டை நக்கி முடிக்கும்போது
தோளுக்கு நடுவில் ஒரு யூனிட்.
வாய் வைக்காத நாளில்
ஊசியை மேசையில் போட்டுவிட்டுத்
தரையில் குந்தியிருந்து கெஞ்சியிருக்கிறேன்,
பிள்ளைகளிடம்கூடக் கெஞ்சாத கெஞ்சல்.

கீழ்வீட்டு மதாம் ஷாப்பூய்
பால்கனியில் வைக்கும் கிரீம் கிண்ணத்தை
எந்தக் கணக்கில் கழிப்பது?

மூன்றாம் மாதம்
கொப்பியைப் புரட்டிய டொக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது.
"பூனை நன்றாக இறங்குகிறது.
ஏறிக்கொண்டே போகும் இந்த வரிசை யாருடையது?"

அன்று நள்ளிரவு
மிச்ச வட்டிலப்பத்துக்காகத் திறந்தேன்.
பிரிட்ஜ் வெளிச்சம் இருவர் மேலும் விழுந்தது.
அவள் கத்தவில்லை. பார்த்தாள்.
பிறகு
அவள்தான் முதலில் திரும்பி நடந்தாள்.