வண்டி வந்துவிட்டது, ஆள் வரவில்லை

குவோபியோவில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தடுப்புக் கம்பத்துக்கு முன்
வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறேன்.
எண்பலகையில் பனி அப்பியிருக்கிறது.
கேமராவுக்கு என் முகம் வேண்டாம்.
மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் போதும்.
கையுறையால் துடைக்கிறேன்,
பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல்.
கம்பம் எழுகிறது.
சின்னத் திரையில் என் நம்பர், பக்கத்தில் நல்வரவு.

போன வருஷம்வரை அட்டை இருந்தது.
மறந்து வந்த நாளில்
பின்னால் நிற்கும் பைவிக்கி தன் அட்டையை நீட்டுவாள்,
அதற்கு ஒரு காபி கடன்.
இப்போது வண்டியே அட்டை.
மறக்கவும் வழியில்லை, கடன்படவும் வழியில்லை.

வியாழக்கிழமை சாம்ப்ஸா கூப்பிட்டான்.
மனிதவளத் துறை, வயது முப்பதுக்குள்,
மேஜையில் வாடாத பிளாஸ்டிக் கள்ளி.
திரையை என் பக்கம் திருப்பினான்.
வாயில்: 6:43.
வருகைப் பதிவு: 6:58.
"நிறுத்துமிடத்திலிருந்து கதவுக்கு நூற்றுப்பத்து மீட்டர்.
வழுக்கும், தெரியும், நாலு நிமிஷம் வைத்துக்கொள்வோம்.
மிச்சம் பதினொன்று.
தப்பென்று சொல்லவில்லை, நீங்கள் தாமதமே இல்லை.
புது மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது.
தினமும் காட்டுகிறது."

என்னவென்று சொல்ல?

என்ஜினை அணைத்ததும் முதலில் விசிறி அடங்கும்.
அப்புறம் எங்கோ ஒரு தகடு
சூடு இறங்கி டிக், டிக் என்னும்.
அப்புறம் என் மூச்சு
கண்ணாடியில் ஏறி வெள்ளையாய் உறையும்.
வெளியே நடப்பவர்கள் வெறும் நிழல்.
வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர்,
குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
இங்கே பதினாறு இயந்திரங்கள்,
ரத்தமும் அயோடினும் காய்ந்த விரிப்புகள்,
காதடைப்பான்.
நடுவில் ஒரே ஒரு இருக்கை.
அழுகிறேனா என்றால் இல்லை.
பாட்டும் கேட்பதில்லை.
சில நாள் ஓர் ஆரஞ்சு உரிப்பேன்.
தின்ன மாட்டேன். மணம் போதும்.

"காரணம் ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும்" என்றான்.
பனி. வாகனக் கோளாறு. தொலைபேசி. பிற.
"பிற" என்றேன்.
அழுத்தினான்.
உடனே ஒரு பெட்டி திறந்தது:
விளக்குக, இருநூறு எழுத்துக்குள்.

இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
குறிமுள் விட்டுவிட்டு மின்னியது.
அவன் திரும்பிப் போய்
பனி என்று போட்டான்.
"மே மாசம்?"
"மே மாசத்துக்கு மே மாசம் யோசிப்போம்."
கள்ளியை ஒரு விரலால் நகர்த்திவைத்தான்.
நான் எழுந்துகொள்ளலாம் என்று அர்த்தம்.

மறுநாள் காலை வழக்கம்போல் துடைத்தேன்,
வழக்கம்போல் கம்பம் எழுந்தது.
இறங்கும்போதுதான் பார்த்தேன்,
பக்கத்து நீல ஸ்கோடாவின் கண்ணாடிகளில் பனி.
வெளியே படிந்த பனி சுரண்டினால் உதிரும்.
இது உள்ளே படிந்தது.
அதற்கப்பால் இரண்டாவது வரிசையில் ஒரு வேன்,
அதுவும் அப்படியே.
எத்தனை காலம் இவற்றின் ஓரமாகவே
விறுவிறுவென்று நடந்து போயிருக்கிறேன்.

தட்டவில்லை.
யாரென்று குனிந்தும் பார்க்கவில்லை.
என் கதவை
சத்தம் வராமல் அழுத்திச் சாத்தினேன்.

6:59.