வருகைப் பதிவேடு

ரொட்டியை அவள் தொடவில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
மூன்று மாதமாக என் காயா ரொட்டியில் பாதி அவளுடையது.
இன்றிரவு முகர்ந்தாள்,
பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர் வீட்டுப் பலகாரம் போல
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தோண்டத் தொடங்கினாள்.
மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால், சிமெண்ட் தரையை.
சிமெண்ட் என்று தெரிந்தேதான் தோண்டினாள்.

சுங்கை காடுட், பலகைக் கிடங்கு, இரண்டாவது வாயில்.
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை
இங்கே நுழையும் எதற்கும் நான் பொறுப்பு.

கோவிட் காலத்துக் காய்ச்சல் துப்பாக்கி
இழுப்பறையில் இன்னும் கிடந்தது.
நெற்றிக்கு நேரே நீட்டினேன். 'லோ' என்றது.
ரோமத்தைப் பார்த்து அது வேறென்ன சொல்லும்?
இரவெல்லாம் திறந்திருக்கும் மருத்துவமனையை அழைத்தேன்.
அந்தப் பெண் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சொன்னாள்:
துப்பாக்கியை வையுங்கள், அவளைப் பாருங்கள்.
நடுங்குகிறாளா, இரைக்கிறாளா, பின்னால் நக்குகிறாளா?
முதல் குட்டிக்கு முன்னால் பச்சையாய் ஏதும் வந்தால்,
அரை மணி முக்கியும் ஒன்றும் வராவிட்டால்,
உடனே வண்டி பிடியுங்கள்.

எந்த வண்டி? இந்த நேரத்தில்? நாயோடு?

எனக்கு கேகே மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டார்கள்.
வலி வேறு யாருக்கோ நடப்பது போலிருந்தது.
இவள் வாயைத் திறந்து
ஒரு சத்தமும் போடாமல்
என் சப்பாத்தின் மேல் தாடையை வைத்தாள்.
அந்தப் பாரத்தை எங்கே எழுதுவது?

இரண்டு நாற்பது. ஜொகூரிலிருந்து பலகை லாரி.
ஹாரன் அடித்த பூன் கியட்டை நோக்கி
விரலை உதட்டில் வைத்தேன்.
எட்டிப் பார்த்தான். ஐயோ என்றான்.
விளக்கை அணைத்தான், எஞ்சினை அணைத்தான்,
கைபேசி வெளிச்சத்தை உள்ளங்கையால் பாதி மூடி
குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பனி விழாத தீவில் ஒரு பனிக்குடம்,
கறுத்த திராட்சை போல வெளியே வந்தது.
அவளே கிழித்தாள், அவளே கடித்தாள்,
நச்சுக்கொடியை அவளே தின்றாள்.
நாங்கள் இருவரும் வெறும் பார்வையாளர்கள்.
இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
களைத்துப் படுத்துவிட்டாள்.
சவ்வுக்குள் அது அசையாமல் கிடந்தது.
நகத்தால் கிழித்தேன்.
வாயில் இருந்த கோழையை விரலால் வழித்தேன்.
பூன் கியட் கழுத்தில் கிடந்த குட்மார்னிங் துண்டால்
தேய்த்தேன், தேய்த்தேன்,
கறை போகாத சட்டைக் காலரைத் தேய்ப்பது போல.
சிவப்பு எழுத்தில் காலை வணக்கம்.
காலைக்கு இன்னும் நேரம் இருந்தது.
அவன் சீனத்தில் ஏதோ முணுமுணுத்தான், நான் தமிழில்.
இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

கீச்.

சீருடைப் பொத்தான் தைக்கும் கறுப்பு நூலால்
கொடியைக் கட்டி, நறுக்கி,
அவள் வயிற்றோடு ஒட்டி வைத்தேன்.
மோந்து பார்த்தாள். பிறகு நக்கினாள்.
என் கையையும் சேர்த்து.

நான்காவது ஐந்து பத்துக்கு, யாரையும் கேட்காமல்.

பூன் கியட் துண்டை விட்டுவிட்டுப் போனான்.
பதிவேட்டைத் திறந்தேன்.
லாரி எண்ணுக்குக் கீழே நான்கு வரிகள்.
பெயர்: இல்லை. அட்டை எண்: இல்லை.
உள்ளே வந்த நேரம் மட்டும் சரியாக எழுதினேன்.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

காலையில் அஸ்மான் வந்தார்.
நாயைத் தொடமாட்டார், அது அவர் வழி.
தள்ளி நின்று எண்ணினார்.
வெயில் விழும் பக்கமாகத் தன் மோட்டார்சைக்கிளைத் திருப்பி நிறுத்தி,
மேலே மழையங்கியை விரித்துப் போட்டார்.
பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.
"வெளியே போன நேரம்?" என்றார்.

நான்கு குட்டிகள். மூன்று நச்சுக்கொடிகளைத்தான் பார்த்தேன்.
நான்காவதை அவள் தின்றிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
மருத்துவமனை எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு
பேருந்தில் உட்கார்ந்தேன்.
சப்பாத்தில் இன்னும் ஈரம்.