விபத்து அறிக்கை, கட்டம் ஏழு

காரணம் என்று கேட்கிறது. ஒரு சொல் நீளத்துக்குத்தான் இடம்.
ருவைஸில் மணி மூன்று. போர்ட்டா கேபினில்
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது.

கேர்லெஸ்னெஸ் என்று எழுதினேன்.
மாசானமுத்து
கொக்கியை மாட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பவன்,
தண்ணீர் பாட்டிலையே இரண்டு தரம் மூடுபவன்.
ஒயிட்னர்.

நெக்லிஜென்ஸ்.
கோர்ட் வாசலில் நின்று பழகிய சொல்.
உள்ளே வந்ததும் 'யாருடையது?' என்றுதான் கேட்கும்.
புதுப் பலகை வேண்டுமென்று ஞாயிறும் எழுதினோம், செவ்வாயும் எழுதினோம்;
நகல் என் டிராயரில் இருக்கிறது.

பின்னால் வந்து நின்ற குருவிளா சார்
"இன்அட்வெர்டன்ஸ் போடு, யாருக்கும் உறுத்தாது" என்றார்.
உறுத்தவில்லைதான்.
பஞ்சு மாதிரி இருந்தது.
அவன் விழுந்த இடத்தில் பஞ்சு இல்லை.

அகராதியைப் புரட்டினால்
மூன்றுக்கும் கவனக்குறைவு என்றே போட்டிருக்கிறது.
இங்கே ஒன்றுக்கு அவன் சம்பளம் நிற்கும்,
ஒன்றுக்குக் கம்பெனி காசோலை எழுதவேண்டி வரும்,
மற்றதற்கு எல்லோரும் டீ குடிக்கப் போகலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று அவன் அனுப்பிய குரலை
மறுபடி போட்டேன்:
"பலக ஆடிட்டுண்ணே."
அவ்வளவுதான். எழுவாய், பலகை.

ஒயிட்னர் காய்வதற்குள்
அதை அப்படியே இங்கிலீஷில் எழுதினேன்.
கட்டம் போதவில்லை.
கடைசிச் சொல் எட்டாவதற்குள்
நீட்டிக்கொண்டு நிற்கிறது:
சாட்சி, பெயர், கையொப்பம்.