காடிக்கு ஐந்து வெள்ளி

வானம் பார்க்க வருகிறவர்களுக்கு
மண்ணில் இடம் காட்டுவது என் வேலை.
காடிக்கு ஐந்து வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு.
பஸ் வந்தால் தவசீலியைக் கேளுங்கள்.
சுங்கை தெராப்பில் முன்பு
மருந்தடிக்கும் விமானம் இறங்கிய ஓடுபாதைக்கும்
இருபத்தேழாம் நிரைச் செம்பனைக்கும் நடுவே
ஒரு மஞ்சள் மேற்சட்டை, ஒரு விசில்.

வெட்டிய மட்டை அடுக்கிய பக்கம் நிறுத்தாதீர்கள்,
முள் டயரைக் குத்தும் என்றேன்.
ஹைலக்ஸ்காரர், காசு பிறகு என்று
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் ஒருவர்
ஒவ்வோர் இன்ஜினின் குதிரைத்திறனையும் சொல்கிறார்,
பெண் கேட்டு வந்த வீட்டில்
மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதுபோல.

எனக்கு அந்தப் போர் விமானங்கள்
நிழல்களாகத்தான் வந்தன.
ஒன்று வெள்ளை மைவியின் கூரையில் ஏறி
பக்கத்துச் சாகாவில் சறுக்கி
ஐஸ் கச்சாங் வண்டிக் குடையில்
ஒரு நொடி தங்கிப் போனது.
மஞ்சள் நிறமாம் அது. பயிற்சி விமானமாம்.
நிழலில் தெரியவில்லை.

வேலிக்கு இப்பால்,
டிக்கெட் இல்லாத வானத்தின் கீழ் நின்றிருந்தான் மொனிருல்.
காலை முழுக்கக் காய் வெட்டிய கை
நெற்றிக்கு மேல் குடையாக.
முப்பதடிக் குலையை அண்ணாந்து அண்ணாந்தே பழகிய கழுத்து;
இன்றைக்குத்தான் அதற்கு
அலக்கு இல்லாமல் ஓர் அண்ணாத்தல்.

பிறகு வந்தது இரட்டை இன்ஜின் டக்கோட்டா.
நிழலே ஒரு லயத்து வீட்டின் அகலம்.
அது தாழ, மரத்தலைகள் சிலிர்த்தன.
நிறுத்திவைத்த இருநூறு காடியும்
ஒரே நேரத்தில் அலறின,
ஆயாக் கொட்டகையில் ஒன்று அழுதால்
எல்லாம் அழுமே, அப்படி.
சிரிக்கலாமென்று வாயைத் திறந்தேன்.
ஹைலக்ஸ் பின்னால் வந்தது, ஒரு குழந்தையை நோக்கி.
ஊதினேன். நீளமாக, உள்ள பலத்தோடு.

குழந்தை நின்றது. ஹைலக்ஸ் நின்றது.
மொனிருல் ஓடினான்.

விசிலுக்கு அவன் காதில் ஒரே பொருள்.
செருப்பு ஒன்று வேலியோரம் கிடக்க
முப்பதாம் நிரை, முப்பத்தைந்தாம் நிரை,
அதற்கப்பால் இருட்டுப் பச்சை.
நான்தான், நான்தான் என்று நான் கத்தியது
அலாரங்களோடு அலாரமாகப் போயிற்று.

அப்போதுதான் மேலிருந்து காகிதம் விழத் தொடங்கியது.
அவசரகாலத்தில், என்றது ஒலிபெருக்கி,
காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு
இப்படித்தான் வீசினார்கள்:
இதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வா,
சுடமாட்டோம்.
இன்றைக்கு, அதே பாணியில்,
பட்டணத்து டயர்க் கடையின் கழிவுச் சீட்டு!
கைதட்டினார்கள்.
காற்று திரும்பிவிட்டது.
ஓடுபாதைக்கென்று போட்டதில் பாதி
தோட்டத்துக்குள் இறங்கிற்று.
தவசீலியின் தொப்பியில் ஒன்று.
மட்டை முள்ளில் குத்திக்கொண்டு நின்றவை
சாயங்காலம் வரை படபடத்தன.

காடிகள் போன பிறகு
செருப்பை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
நாற்பத்திரண்டாம் நிரையில்
மட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.
முழங்காலில் கீறல்.
கையில் ஒரு சீட்டு, வியர்வையில் நனைந்து,
நான்காய் மடிந்து.

பெர்மிட் முடிந்து ஏழு மாதம்.
புதுப்பிக்கப் பணம் வாங்கிய ஏஜெண்டை அழைத்தால்
இப்போது பாட்டு மட்டும் வருகிறது.

மலாயில் கேட்டான்: அண்ணே, இது என்ன சூராட்?

படித்துக் காட்டினேன்.
மூன்று டயர் வாங்கினால் நான்காவது பாதி விலை.
மாதக் கடைசிவரை செல்லும்.

செல்லும் என்பதை மட்டும்
இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

செருப்பை அவன் பக்கத்தில் வைத்தேன்.
தூரத்தில் தவசீலி கூப்பிட்டாள்,
கணக்கில் ஐந்து வெள்ளி உதைக்கிறதாம்.
இதோ வருகிறேன் என்பதற்கு
ஒரு விசில் போதும்.
கழுத்திலிருந்து அதைக் கழற்றி
பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.