நீலக்கறை

இந்தச் சரிவின் மரத்தை
ஆர்டென் ஆலைகள் வாங்குவதில்லை.
வாங்கினாலும் பாதி விலை.
நாங்கள் வாங்குகிறோம், வேறு வழியில்லை.
அறுக்குமுன் பட்டையின்மேல்
இரும்பு தேடும் கருவியை ஓட்டுவேன்,
மருத்துவச்சி வயிற்றில் காது வைப்பதுபோல.

நேற்று கருவி கீச்சிடவில்லை.
ரம்பம்தான் அலறியது.
மூன்று பல் தெறித்து, ஒன்று
ஃபிர்மினின் தலைக்கவசத்தில் பட்டு விழுந்தது.
அவன் என்னைத் திட்டினான். மரத்தைத் திட்டினான்.
எண்பது வருடத்துக்கு முந்தைய பீரங்கிகளைத் திட்டினான்.
பிறகு காப்பி போடப் போனான்.

பிளந்தேன்.
ஓக்கின் நெஞ்சுக்குக் கொஞ்சம் வெளியே
நகக்கண் அளவு எஃகுச் சில்லு.
அதைச் சுற்றி நீலம்,
பள்ளிப்பிள்ளையின் சட்டைப்பையில் பேனா கசிந்ததுபோல.

பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணினேன்.
மகள் பிறந்த வருடம்.
ஆலை எரிந்த வருடம்.
எழுபத்தாறின் வறட்சி, மூச்சுப்பிடித்து ஒட்டிய கோடுகள்.
அதற்கும் உள்ளே, உள்ளே,
நாற்பத்து நான்கின் டிசம்பர்.
விரல் அங்கே நின்றது.

அமெரிக்கர்கள் இங்கேதான் கிடந்தார்கள்.
விறைத்த மண்ணைத் தகரக் குவளையாலும் சுரண்டி
இடுப்பளவு குழி.
குண்டு தரைக்கு வரவில்லை; கிளைகளில் வெடித்து
வானத்திலிருந்து ஆணி அடித்தது.
படுக்காதே, மரத்தைக் கட்டிக்கொண்டு நில்
என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம்.
யார் கட்டிக்கொண்ட மரமோ இது.

எங்கள் பழைய பேரேட்டில்
ஐம்பத்தெட்டாம் வருடப் பக்கம் ஒன்று உண்டு.
கணக்கர் எவ்ரார் சிக்கனமாக எழுதுவார்:
“நாமூருக்கு பீச் பலகை அறுபது.
அமெரிக்கர் ஒருவர் வந்தார். பெயர் பிக்கரிங்.
முற்றத்தில் நின்று பேசினார். மழை.”

பிக்கரிங் பேசியது தன்னைப் பற்றியல்ல.
டெல்பர்ட் ஹ்ருஸ்கா என்று ஒருவன்,
நெப்ராஸ்காவின் சோளவெளியில் பிறந்தவன்,
இத்தனை மரங்களை ஒருசேரப் பார்த்திராதவன்.
வேலை, தொலைபேசிக் கம்பி ஒட்டுவது.
குழிக்கும் பின்னால் நின்ற பீரங்கிக்கும் நடுவே
ஒரே கறுப்புக் கம்பி.
அது அறுந்தால் காடு முழுக்கச் செவிடு.

“ஒவ்வொரு முறையும் போகுமுன் வாந்தி எடுத்தான்”
என்று எழுதியிருக்கிறார் எவ்ரார்.
“வாயைப் பனியால் துடைப்பான். போவான்.”
கையுறையைக் கழற்றி
இருட்டில் கம்பியை உள்ளங்கையில் ஓடவிட்டு,
அது முடியும் இடத்தில் முழங்காலிட்டு,
மறுமுனையைத் தேடித் தேடி,
ரப்பர் உறையைப் பல்லால் உரித்து,
முறுக்கி.
திரும்பி வந்ததும் மறுபடி நடுங்குவான்.
ஒருமுறை கேட்டானாம்:
இந்த மரத்துக்கெல்லாம் என்ன பெயர்?
பிக்கரிங்குக்கும் தெரியாது.

ஆறு முறை கம்பிக்கு உயிர் வந்தது.
ஏழாவது முறையும் வந்தது.
பீரங்கிக்காரனின் குரல், தெளிவாக, எண் கேட்டது.
பிக்கரிங் எண் சொன்னான்.
சொல்லிக்கொண்டே குழியின் விளிம்பைப் பார்த்தான்.
இரவு முழுக்கப் பார்த்தான்.

அடுத்த வரியில் எவ்ரார்:
“ஆணி இரண்டு பெட்டி. வண்டிக்கூலி பாக்கி.”

சதுக்கத்தில் அவர்களுக்குக் கல் இருக்கிறது.
டிசம்பரில் மேயர் மாலை வைப்பார், ஊதுகுழல் ஒலிக்கும்,
‘அஞ்சாதவர்கள்’ என்று பொன்னெழுத்து.
நானும் தொப்பியைக் கழற்றி நிற்பேன்.
ஆனால் அந்தச் சொல்லைப் படிக்கும்போது
துடைத்த வாயோடு ஒருவன்
கல்லின் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறான்,
அஞ்சினேனே என்கிறான்.

கறைப் பலகையை அடுப்புக்குக் கேட்டான் ஃபிர்மின்.
கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.
பேரேட்டை எடுத்தேன்:
“ரம்பப் பல் மூன்று, நட்டம்.
ஓக் ஒன்று, நீலம்.
விற்பனைக்கில்லை.”

மை காயுமுன் தொலைபேசி அடித்தது.
லியேஜிலிருந்து யாரோ, படிக்கட்டுக்குப் பலகை வேண்டுமாம்.
காற்று பலம். குரல் வெட்டி வெட்டி வந்தது.
கேட்கிறதா, கேட்கிறதா என்றார்.

சில்லு என் உள்ளங்கையில் இருந்தது.
கேட்கிறது, என்றேன்.