நாற்பத்தொன்பதாம் நாள்

புளியரை எடைமேடை
மறுபடி உறைந்துவிட்டது.
வைக்கோல் லாரிகள் எஸ் வளைவு வரைக்கும்.
"எந்தா சாரே?" என்கிறான் புனலூர்க்காரன்.

மில்லி நொடி எண்ணும் கெர்னலுக்கு
விரல்கள் முப்பத்திரண்டு பிட்தான்.
நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரம்,
பிறகு பூஜ்யம்.
பூஜ்யத்துக்குச் சற்று முன்
எழுப்பச் சொல்லிப் படுத்த டைமர்
அடுத்த சுற்று முழுக்கத் தூங்குகிறது.

எது பெரிது என்று கேட்டு வைத்திருக்கிறேன்,
ஆறு வருஷம் முன்பு, நானே.
கழித்துப் பார்த்து
மிச்சத்தின் குறியைக் கேட்டிருக்க வேண்டும்.
ஒரு வரி. மாற்றினேன்.

"சரியாச்சான்னு பாக்க
இன்னும் ஒன்றரை மாசமா?"
முப்பிடாதி சீட்டுக்கட்டை மூடப் போனான்.
வேண்டாம்.
முடிய ஐந்து நிமிடம் இருக்கையில்
பிறக்கச் சொல்லியிருக்கிறேன் கடிகாரத்தை.

மூன்றாவது நிமிடம் சாரல்.
நாலாவது, கனத்தது.
ஐந்தில்
பூஜ்யம் எங்கே போனதென்றே தெரியவில்லை.
திரையில் பதினோரு டன் நானூறு.

சீட்டை வாங்கி, நனைந்த பாரத்தை
அண்ணாந்து பார்த்தான் புனலூர்க்காரன்:
"மழைக்கும் சேர்த்து
ஞான் காசு தரணோ?"